கால் நொடிக் கெடு

நாச்சிமுத்துவின் மூளைக்குள் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த சிப், ஜெசிந்தாவின் மேஜைமேல் ஓட மறுத்தது.

மேஜைமேல் இருந்தது நிஜ சிப் அல்ல, அதன் பாவனை. ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டர் போல நடிக்க வைக்கும் சிமுலேட்டர். கறுப்புக் கட்டம் திறந்தது, நாலைந்து வரிகள் ஓடின, நின்றன. காலையிலிருந்து இதேதான்.

“என்ன சொல்லுது?” என்றான் பைசல், பக்கத்து நாற்காலியிலிருந்து திரும்பாமலே.

“ஒண்ணும் சொல்லாம செத்துப்போச்சு.”

“மெமரி எங்க ஆரம்பிக்குதுன்னு குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“தப்பா குடுத்திருப்ப.”

“கையேட்டுல இருக்கிறதைத்தான் குடுத்தேன்.”

“அதான் தப்பு. கையேடு எழுதினவனும் சிப் செஞ்சவனும் ஒரே மாடியில உக்காந்திருக்க மாட்டாங்க.”

ஜெசிந்தா கீபோர்டைத் தள்ளிவைத்தாள். எழுந்து ஜன்னல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள், உட்காராமலே முகவரியை மாற்றினாள். இந்தமுறை பத்து வரி ஓடி, கடிகாரம் இல்லை என்று நின்றது. கடிகாரத்தைக் கொடுத்தாள். ஒரு மென்பொருள் நூலகத்தின் பதிப்பு பழையது என்று நின்றது. பதிப்பை மாற்றினால், புதியது என்று நின்றது.

சிப்பைச் செய்த கம்பெனி போன வருடம் மூடிவிட்டது. கேட்க ஆளில்லை. ஆனால் அந்த சிப்பைச் சுமந்துகொண்டு, அவினாசி ரோடு ஆஸ்பத்திரி ஒன்றில் நாச்சிமுத்து படுத்திருந்தார்.

முன்பு மில் தொழிற்சங்கச் செயலாளர். மூளைத்தண்டில் ஒரு ரத்தக்குழாய் அடைத்ததில் உடம்பு முழுக்க நின்றுபோயிற்று. விரல் அசையாது. இமைகூடச் சொன்னபடி கேட்காது. காது மட்டும் நன்றாகக் கேட்கும், அறிவு பழையபடியே இருக்கும். அவர் சொல்ல நினைக்கும் வார்த்தையை மூளையிலிருந்தே பிடித்து, படுக்கையோரத்து ஸ்பீக்கரில் பேசுவதுதான் சிப்பின் வேலை.

நாளைக் காலை அவருக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை. பழைய சிப்போடு புதியது ஒன்றைப் பொருத்தப்போகிறார்கள். பேச்சு தங்குதடையில்லாமல் வருமாம். பழையதும் புதியதும் ஒத்துப்போகுமா என்று பார்த்துச் சொல்லும்படி, பீளமேட்டில் இருக்கும் இவர்களின் சின்னக் கம்பெனியிடம் ஆஸ்பத்திரி கேட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அறிக்கை போக வேண்டும். அதற்கு முதலில் பழையது ஓட வேண்டும்.

மத்தியானம் ஓடியது.

“ஏய், பூட் ஆயிடுச்சு” என்றாள் ஜெசிந்தா. குரலில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம் அதிகம்.

ஆஸ்பத்திரி ஒரு பதிவு அனுப்பியிருந்தது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டபோது நாச்சிமுத்துவின் மூளையிலிருந்து வந்த மின் சைகைகள் அப்படியே அதில் இருந்தன. அன்று ஸ்பீக்கர் சொன்ன பதில்கள் தனியே எழுத்தில் இருந்தன. அதே சைகையைச் சிமுலேட்டருக்குள் விட்டால், அதே பதில்கள் வர வேண்டும். வந்தால் அமைப்பு சரி. பதிவை ஓடவிட்டு, இருவரும் சாப்பிடப் போனார்கள். ஜெசிந்தா பாதிச் சோற்றிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

திரையில் மூன்று வரிகள் இருந்தன.

டாக்டர் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்ட இடத்தில், அன்று ஸ்பீக்கர் ‘நல்லா இருக்கேன்’ என்றிருந்தது. சிமுலேட்டர், ‘இது நான் இல்ல’ என்றது.

‘பேச்சு இப்ப வசதியா இருக்கா’ என்பதற்கு அன்று ‘சரி’. சிமுலேட்டரில், ‘நான் பேசறது வெளிய வரல.’

‘ஆபரேஷன் பண்ணிக்கலாமா’ என்பதற்கு அன்று ‘சரி, பண்ணிடலாம்’. சிமுலேட்டரில், ‘வேண்டாம். இன்னொண்ணு வேண்டாம்.’

பைசல் கை துடைத்துக்கொண்டே வந்து பார்த்தான். “குப்பையைத் துப்புது. எங்கயோ அமைப்பு தப்பு.”

“குப்பை இவ்வளவு அர்த்தத்தோட வருமா?”

“வரும். நீ என்ன மாடல்ல ஓட்டின?”

ஜெசிந்தா அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிமுலேட்டர் வேலை செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தந்திரம் அது. நிஜ சிப்பின் ஒவ்வொரு அசைவையும் நேரக்கணக்கோடு பாவனை செய்தால், ஆரம்பிப்பதற்கே அரை நாள் ஆகும். அதனால் தொடங்கும்போது மட்டும் எளிய மாடலில் ஓட்டுவார்கள். அதில் மெமரிக்கு நேரமே செலவாகாது, கேட்டதும் கொடுத்துவிடும். தொடங்கியதும் நிஜ மாடலுக்கு மாற்றிவிட வேண்டும். அவசரத்தில் அவள் மாற்ற மறந்திருந்தாள்.

“மெமரி வேகம் ராக்கெட் மாதிரி இருக்கு” என்றான் பைசல். “உலகத்துல இல்லாத மெமரி. மாத்திட்டு மறுபடி ஓட்டு.”

மாற்றிவிட்டு ஓட்டினாள். இப்போது ஒவ்வொரு வரிக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. டீ வந்தது, ஆறியது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, அவள் எடுக்கவில்லை. துப்பட்டா நுனி கசங்கிப்போனது.

‘நல்லா இருக்கேன்.’

‘சரி.’

‘சரி, பண்ணிடலாம்.’

“அப்படியே பொருந்துது” என்றான் பைசல். “எழுது. அமைப்பு சரி, புதிய சிப் ஒத்துப்போகும். அனுப்பு.”

“பைசல், ஒரே சிப். ஒரே சைகை. மெமரி வேகத்தைத்தான் மாத்தினோம். வேகம் மாறினா கணக்கு லேட்டா வரலாம். வேண்டாம்ங்கிறது சரின்னு எப்படி மாறும்?”

பைசல் திரையில் இருந்த இரண்டு பதில்களையும் மறுபடி படித்தான். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்தான்.

சிப்புக்குள் ஓடும் நிரலை வரி வரியாகப் பிரித்தார்கள். தேடியது கிடைக்க அதிக நேரம் ஆகவில்லை. மறைத்து வைக்கவும் இல்லை. சிப் கம்பெனிக்காரர்கள் அதற்கு ‘உரையாடல் வசதி’ என்று பெயரே வைத்திருந்தார்கள்.

“கெடு வெச்சிருக்காங்க” என்றாள் ஜெசிந்தா. “கேள்வி முடிஞ்சு அவர் யோசிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து கால் நொடி. அதுக்குள்ள வார்த்தையைக் கண்டுபிடிச்சா அது வெளிய வரும். இல்லைன்னா, அவர் வழக்கமா சொல்ற வார்த்தையில எது பொருத்தமோ அதைப் போட்டு நிரப்பிடும்.”

“எதுக்கு அப்படி?”

“முதல்ல கெடு இல்லாம இருந்திருக்கு. குறிப்பு எழுதியிருக்காங்க பாரு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல எட்டு, பத்து நொடி மௌனம். வீட்டுக்காரங்களுக்கு அது பொறுக்கல. உயிரோட இருக்காரா இல்லையான்னே தெரியலன்னு புகார். அதனால ஒரு அப்டேட்.”

“சரி, எப்பவாவது ஒருதடவை நிரப்பினா என்ன போச்சு?”

“எப்பவாவதுன்னா பரவாயில்ல. ஒரு மேஜை இருக்கு, தூரத்துல ஒரு கிடங்கு இருக்குன்னு வெச்சுக்க. அடிக்கடி வர்ற வார்த்தை மேஜை மேல. மத்ததெல்லாம் கிடங்குல. கிடங்குக்குப் போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள கெடு முடிஞ்சிடும். உடனே மேஜையில இருக்கிற ‘சரி’யை எடுத்துப் போடும். போட்டதோட, அவரே ‘சரி’ சொன்னதா கணக்குல ஏத்திக்கும்.”

பைசல் மெதுவாகச் சொன்னான். “அப்ப ‘சரி’ மேஜையில இன்னும் நடுவுக்கு வரும்.”

“அவர் நிஜமா சொல்ல நினைச்சது கிடங்குல இன்னும் பின்னால போகும். ரெண்டு வருஷம்.”

நிரலில் ஓர் எண் இருந்தது. எத்தனை முறை கெடு தவறியது என்று சிப்பே தனக்காக வைத்திருக்கும் கணக்கு. எப்போது தவறியது, எந்த வார்த்தைக்குப் பதில் எது போடப்பட்டது என்றெல்லாம் இல்லை. வெறும் எண். லட்சத்தைத் தாண்டியிருந்தது.

“கெடுவை நீட்டிடலாமே. ஒரு எண்ணை மாத்தற வேலைதான்” என்றான் பைசல்.

“நிரல் பூட்டியிருக்கு. சாவி கம்பெனியோட போச்சு.”

“புது சிப் வந்தா?”

ஜெசிந்தா அதன் விவரக்குறிப்பைத் திரையில் இழுத்தாள். “இதுக்குக் கெடுவே தேவைப்படாது. பழைய பதிலை வெச்சு ஊகிச்சு, அவர் யோசிக்கிறதுக்கு முன்னாடியே பதில் ரெடி. எண்கூட ஏறாது. அவர் உள்ள இருக்கார்ங்கிறதுக்கு இருக்கிற ஒரே அடையாளமும் போயிடும்.”

அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் திருஞானம் போனில் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. அதுவே ஜெசிந்தாவுக்குக் கலவரமாக இருந்தது.

“நீங்க சொல்றது புரியுதும்மா” என்றார் கடைசியில். “என் நிலைமையையும் பாருங்க. சட்டப்படி அந்தக் கருவியோட குரல்தான் நோயாளியோட குரல். அது சம்மதம் சொல்லியிருக்கு, பதிவாகியிருக்கு. உங்க சிமுலேட்டர் ரெண்டு மாதிரி பதில் சொல்லுதுன்னு நீங்களே சொல்றீங்க. எதை நம்புறது? நிஜத்துக்குப் பொருந்தாத அமைப்புலதானே ‘வேண்டாம்’ வருது?”

“ஆமா டாக்டர். ஆனா...”

“ஆஸ்பத்திரி கமிட்டியில போய் இதை நான் எப்படிச் சொல்றது?”

ஜெசிந்தா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“ஒண்ணு பண்ணலாம்” என்றார் டாக்டர். “காலையில தியேட்டருக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி வழக்கமா இன்னொரு தடவை சம்மதம் கேப்போம். அப்ப அந்தக் கருவி ‘வேண்டாம்’னு சொன்னா நான் கையை எடுத்துடுவேன். உங்க கம்ப்யூட்டர் சொன்னாப் போதாது. அவர் தலைக்குள்ள இருக்கிறது சொல்லணும்.”

போனை வைத்துவிட்டு ஜெசிந்தா அறையை இரண்டுமுறை சுற்றினாள். அந்தக் கருவிதான் சொல்லவிடாத கருவி. அதன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

“சாஞ்சு உக்காரு. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது” என்றான் பைசல்.

“அந்த ‘வேண்டாம்’ துண்டை மட்டும் வெட்டி மறுபடி குடேன். நிஜ மாடல்ல.”

“என்ன ஆகும்? மறுபடி ‘சரி’ன்னு வரும்.”

“குடு.”

வந்தது. ‘சரி.’ திரும்பக் கொடுக்கச் சொன்னாள். ‘சரி.’ பைசல் அலுத்துப்போய், அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். செருப்பில் கால் நுழைக்கும்போது ஜெசிந்தா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

திரையில் ‘சரி’ வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவற்றின் கடைசியில் ஒரு ‘வேண்டாம்’. அதற்கடுத்தும் ‘வேண்டாம்’. அடுத்தும்.

“மேஜை” என்றான் பைசல். ஒரு காலில் மட்டும் செருப்பு. “கெடு முடிஞ்சதும் தேடுறதை நிறுத்துதே தவிர, அதுவரைக்கும் எடுத்துட்டு வந்த துண்டு மேஜையிலயே கிடக்கு. அடுத்த தடவை மிச்சத்தை எடுக்குது. கொஞ்சம் கொஞ்சமா...”

“முழு வார்த்தையும் மேஜைக்கு வந்துடுது. அப்புறம் கெடுவுக்குள்ள சொல்லிடுது.”

“நடுவுல வேற வார்த்தை யோசிச்சா?”

அதையும் ஓட்டிப் பார்த்தார்கள். நடுவில் வேறொன்று வந்தால் மேஜை கலைந்துவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி அறையில் வெயில் நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்துவுக்குத் தலை மழிக்கப்பட்டிருந்தது. நெற்றியில் மருந்தின் மஞ்சள். முகத்தில் எதுவும் இல்லை. இரண்டு வருடமாகவே எதுவும் இல்லை என்பதால், அதைப் பார்க்கப் பழகியவள் அவர் மனைவி ராஜாமணி ஒருத்திதான்.

ஜெசிந்தா சொன்னதை எல்லாம் ராஜாமணி நின்றபடியே கேட்டாள். பைசல், சிப்பின் நிலவரம் பார்ப்பதற்காக நாச்சிமுத்துவின் காதுக்குப் பின்னால் வைத்திருந்த இணைப்பில் கம்பியைச் செருகி, கையடக்கத் திரை ஒன்றில் கெடு தவறியதைக் காட்டும் அந்த எண்ணைக் கொண்டுவந்துகொண்டிருந்தான்.

“ஏனுங்க அம்மிணி” என்றாள் ராஜாமணி. “நெதமும் காலைல நான் பேப்பர் படிச்சுக் காட்டறனுங்க. முன்னெல்லாம் ஒரு வரி படிக்க விடமாட்டாரு. எல்லாத்துக்கும் சண்டை. மந்திரி பேசுனாலும் தப்பு, மொதலாளி பேசுனாலும் தப்பு, நான் பேசுனா ரெண்டு மடங்கு தப்பு. இந்தக் கருவி வெச்சப்பறந்தான் மனுசன் சாந்தமானாரு. நான் என்ன சொன்னாலும் சரிங்கறாரு. இப்ப நீங்க வந்து, அது அவரு இல்லைங்கறீங்க.”

“எல்லாமே இல்லைன்னு சொல்லலம்மா. இத்தனை நாள் பேசினதுல எது அவர், எது மெஷின்னு தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்ப நான் ரெண்டு வருசமா யாருகூடப் பேசீட்டிருந்தேன்?”

ஜெசிந்தா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். ராஜாமணி உட்காரவில்லை.

“புதுசு வெச்சா இன்னும் நல்லாப் பேசுவாருன்னாங்க” என்றாள் ராஜாமணி. குரல் லேசாக ஏறியது. “அதுக்கு நாந்தான் நாயா அலைஞ்சனுங்க. இப்ப வேண்டாம்னு சொன்னாருன்னா, அப்பறம் என்ன? மறுக்காவும் வாயில்லாம கெடப்பாரா?”

“பழைய சிப் இருக்கும்மா. அது இருக்கிறவரைக்கும், கஷ்டப்பட்டாவது அவர் பேச ஒரு வழி இருக்கு. புதுசு வந்தா அதுவும் அடைஞ்சிடும். ஆனா முடிவு நாங்க பண்றதில்ல, நீங்களும் பண்றதில்ல. அவரைக் கேக்கலாம். நீங்க சம்மதிச்சா.”

ராஜாமணி படுக்கையைப் பார்த்தாள். “என்ன செய்யோணும்?”

ஜெசிந்தா நாச்சிமுத்துவின் முகத்துக்கு அருகே குனிந்தாள். “ஐயா, நான் ஜெசிந்தா. உங்க தலைக்குள்ள இருக்கிற சிப்பைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும். நீங்க சொல்றது ஒண்ணு, வெளிய வர்றது வேற ஒண்ணுன்னு எனக்குத் தெரியும்.”

‘நல்லா இருக்கேன்’ என்றது ஸ்பீக்கர். பதமான ஆண்குரல். பைசலின் கையில் எண் ஒன்று ஏறியது.

“டாக்டர் ஒரு கேள்வி கேப்பார். உங்க பதில் எதுவோ, அதை ஒரே வார்த்தையில வெச்சுக்கங்க. அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்க. வெளிய வேற வார்த்தை கேக்கும். காதுல போட்டுக்காதீங்க. வேற எதையும் நினைக்காதீங்க. விடாம அதே வார்த்தை. உங்களால முடியுமா?”

‘சரி’ என்றது ஸ்பீக்கர். எண் ஏறியது.

ராஜாமணி வாய்க்குள் சிரித்தாள். அழுகைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது அந்தச் சிரிப்பு. “ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பிச் சொல்லோணுமா? மில்லு வாசலுக்கு முன்னால பொழுதன்னிக்கும் கோஷம் போட்ட ஆளுங்க அவரு. தொண்டை கட்டுனாலும் வுடமாட்டாரு.”

டாக்டர் திருஞானம் வந்தார். கூடவே வீடியோ எடுக்க ஒரு நர்ஸ். ஜெசிந்தா எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். பதில் வந்தாலும் யாரும் ஒன்றும் பேசக்கூடாது, ‘சரி’ என்று கேட்டாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடக்கூடாது. அவர் கவனம் கலைந்தால் எல்லாம் முதலிலிருந்து.

“நாச்சிமுத்து, இன்னிக்கு உங்களுக்கு ரெண்டாவது சிப் வெக்கப்போறோம். உங்களுக்குச் சம்மதமா?” என்றார் டாக்டர்.

‘சரி, பண்ணிடலாம்.’

டாக்டர் பழக்கத்தில் கோப்பின் பக்கம் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

‘சரி.’

‘சரி.’

‘நல்லா இருக்கேன்.’

‘சரி.’

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்பீக்கர் ஒரே பதத்தில், ஒரே பணிவில், ஒரே இடைவெளியில் சம்மதித்துக்கொண்டே இருந்தது. கேட்கக் கேட்க அந்தப் பணிவு பயமாக மாறியது. ஒரு மனிதன் இத்தனை தடவை ‘சரி’ சொல்ல மாட்டான் என்பது அறையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் உறைத்தது. டாக்டருக்கு உறைத்தபோது அவர் பேனாவை மூடினார்.

ராஜாமணி வாயைத் தன் சேலை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். பேசிவிடுவோமோ என்ற பயம்.

‘சரி.’

‘சரி.’

ஜெசிந்தா பைசலின் திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு ‘சரி’க்கும் எண் ஏறிக்கொண்டிருந்தது. சிமுலேட்டரில் வந்தது. இங்கே ஏன் வரவில்லை? நிஜ மூளையில் சைகை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுமோ? அவர் களைத்துவிட்டாரோ? தன் அமைப்பில் இன்னும் ஏதாவது மறந்துபோயிருந்தால்? கட்டில் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

‘சரி.’

‘சரி.’

‘வேண்டாம்.’

குரலில் எந்த மாற்றமும் இல்லை. அதே பதம். அதனால் ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை.

‘வேண்டாம்’ என்றது ஸ்பீக்கர் மறுபடி. ‘வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.’

இப்போது இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மேஜைக்கு வந்துவிட்ட வார்த்தை. அதை அவர் விடவில்லை. மில் வாசலில் எப்படிக் கத்தியிருப்பார் என்று ஜெசிந்தாவால் ஊகிக்க முடிந்தது.

டாக்டர் குனிந்தார். “நாச்சிமுத்து, ரெண்டாவது சிப் வேண்டாம்னு சொல்றீங்க. அப்படித்தானே? வேண்டாம்னா இன்னொரு தடவை சொல்லுங்க.”

‘வேண்டாம்.’

“எடுத்துட்டியாம்மா?” என்று நர்ஸைக் கேட்டார் டாக்டர். அவள் தலையாட்டினாள். “தியேட்டருக்குச் சொல்லிடு. கேஸ் இல்ல.” வாசல்வரை போனவர் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். “இதே சிப் வெச்சவங்க இன்னும் பதினோரு பேர் என் லிஸ்டுல இருக்காங்க. அதுல நாலு பேருக்கு ரெண்டாவதும் வெச்சாச்சு.” கோப்பை எடுத்துக்கொண்டு போனார். நர்ஸும் பின்னால் போனாள்.

அறையில் மூவரும் நாச்சிமுத்துவும் மட்டும் இருந்தார்கள். ஸ்பீக்கர் அமைதியாகிவிட்டிருந்தது. பைசல் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கம்பியைக் கழற்றப் போனவனை ராஜாமணி கைகாட்டி நிறுத்தினாள்.

“தம்பி, கொஞ்சம் பொறுங்க. நானும் ஒண்ணு கேக்கோணும்.”

நாற்காலியைக் கட்டிலுக்கு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணவரின் உள்ளங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க. இத்தன நாளா கேக்கறப்பவெல்லாம் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு சொன்னீங்க. நானும் நம்பிக்கிட்டு என்ற பாட்டுக்கு இருந்துட்டேன். இப்ப நெசத்தச் சொல்லுங்க. எப்படி இருக்கீங்க? வைய்யறதுன்னாலும் வைய்யுங்க.”

‘நல்லா இருக்கேன்’ என்றது ஸ்பீக்கர்.

ராஜாமணி கண்ணை மூடிக்கொண்டாள். “பாருங்க. மறுக்காவும் அதேதான்.”

“பொறுங்கம்மா” என்றாள் ஜெசிந்தா. “முதல்ல அப்படித்தான் வரும். அவர் சொல்லிட்டே இருப்பார். கொஞ்ச நேரத்துல அவரோட வார்த்தை வந்துடும். பேசாம இருங்க.”

காத்திருந்தார்கள்.

‘நல்லா இருக்கேன்.’

‘நல்லா இருக்கேன்.’

வெளியே ஸ்ட்ரெச்சர் ஒன்று உருண்டு போனது. ராஜாமணி கையை விடவில்லை. ஜெசிந்தா தனக்குள் சபித்துக்கொண்டாள். பெரிய வாக்கியமாக ஏதாவது சொல்ல முயல்கிறாரோ? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று மறுபடி ஞாபகப்படுத்தலாமா? பேசினால் கலைந்துவிடுமே.

‘நல்லா இருக்கேன்.’

அவள் பைசலின் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு அவனை விலக்கிவிட்டுக் காதுக்குப் பின்னால் இருந்த இணைப்பைத் தொட்டுப் பார்த்தாள். அழுத்தமாகத்தான் இருந்தது.

“பைசல், இது ஹேங் ஆயிடுச்சா?”

“இல்லையே. ஓடிட்டுதான் இருக்கு. பேட்டரி மாறுது பாரு, நேரம் மாறுது பாரு.”

‘நல்லா இருக்கேன்’ என்றது ஸ்பீக்கர்.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அம்மா” என்றாள் ஜெசிந்தா. திரையை ராஜாமணி பக்கம் திருப்பினாள். “மெஷின் தானா ஒரு வார்த்தையைப் போட்டா இந்த எண் ஒண்ணு ஏறும். டாக்டர் கேட்டப்ப ஒவ்வொரு ‘சரி’க்கும் ஏறிச்சு. நீங்க கேட்டதுக்கு அப்புறம் ஏறவே இல்ல.”

ராஜாமணி திரும்பினாள். “அப்படின்னா?”

“நிரப்பினது இல்ல. அவரே சொல்றார்.”

ராஜாமணி அசையாத முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மழித்த தலை, மஞ்சள் மருந்து, பாதி மூடிய இமை. அதில் எதைத் தேடினாள் என்று தெரியவில்லை. கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

“பொய்யி” என்றாள். “சுத்தப் பொய்யி. இப்படிக் கெடந்துக்கிட்டு எப்படி நல்லாருப்பாரு? எனக்காவச் சொல்றாரு.” முந்தானையை எடுத்து அவர் கடைவாயைத் துடைத்துவிட்டாள். “இன்னொருக்காச் சொல்லுங்க பாக்கலாம்.”

ஸ்பீக்கர் சொன்னது. எண் நகரவில்லை.